ஆர்டர் தாமதம், குவியும் ஸ்டாக், திரும்பி வரும் ரிஜெக்ஷன்: அறிகுறியிலிருந்து கோளாறுக்குப் போகும் வழி

டெலிவரி தாமதம் என்றதும் எல்லா இடத்திலும் முதலில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: ஆள் போதவில்லையா, மெஷின் போதவில்லையா? இரண்டும் போதுமான அளவு இருந்தும் தாமதமாகிற இடங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். வேலை நடக்கிற நேரத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். அது சும்மா கிடக்கிற நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை. கோளாறு பெரும்பாலும் அந்த எழுதப்படாத நேரத்தில்தான் இருக்கிறது.

கீழே அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் இடத்தில் எது தெரிகிறதோ நேராக அந்தப் பகுதிக்குப் போகலாம். தொழிற்சாலை, அச்சகம், பழுதுபார்க்கும் நிலையம், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அலுவலகம் எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். பல அறிகுறிகள் ஒன்றாகத் தெரிந்தால் முதல் அறிகுறியிலிருந்து தொடங்குங்கள். அதைச் சரிசெய்தாலே மற்றவற்றில் பாதி கண்ணுக்குத் தெளிவாகிவிடும்.

தொடங்கும் முன் மூன்று எண்கள் கையில் வேண்டும். இன்று உள்ளே முடியாமல் நிற்கிற வேலைகள் எத்தனை? ஒரு நாளைக்குச் சராசரியாக முடிந்து வெளியே போவது எத்தனை? கடைசியாக முடிந்த 30 வேலைகளில் ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் உள்ளே வந்தது, எந்தத் தேதியில் வெளியே போனது? இவற்றைக் கம்ப்யூட்டர் ரிப்போர்ட்டிலிருந்து எடுக்காதீர்கள். முதல் தடவையாவது நடந்து போய், கையால் தொட்டு எண்ணுங்கள். ரிப்போர்ட்டுக்கும் எண்ணிக்கைக்கும் இடையில் வித்தியாசம் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்; மூன்றாவது அறிகுறியில் அது தேவைப்படும்.

அறிகுறி 1: எல்லோரும் ஓயாமல் வேலை செய்கிறார்கள், ஆனாலும் சொன்ன தேதிக்கு எதுவும் போவதில்லை

முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுங்கள். உள்ளே 240 வேலைகள் நிற்கின்றன, நாளைக்கு 12 வெளியே போகின்றன என்றால் விடை 20 நாள். இன்று புதிதாக உள்ளே நுழைகிற ஆர்டர் சராசரியாக 20 நாள் கழித்துத்தான் வெளியே வரும். விற்பனைப் பிரிவு வாடிக்கையாளரிடம் 7 நாள் என்று சொல்லியிருந்தால், அந்த வாக்கு சொன்ன நிமிடமே உடைந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் எவ்வளவு ஓடினாலும், ஒரு ஆர்டரை முன்னால் தள்ளலாமே தவிர மொத்தத்தையும் தள்ள முடியாது.

இந்த உறவைப் பொதுவாக நிரூபித்தவர் ஜான் லிட்டில். 1961-இல் அந்த நிரூபணம் வெளிவந்தது. உள்ளே இருப்பதன் சராசரி எண்ணிக்கை, வெளியேறும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. என்ன பொருள் செய்கிறீர்கள், எத்தனை மெஷின், எந்த வரிசையில் வேலை நடக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை. வருவதும் போவதும் நீண்ட நாள் கணக்கில் சமமாக இருந்தால் போதும். தொழில் நிர்வாகத்தில் இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு உறுதியாகவும் இருக்கிற விதி வேறு ஒன்றை நான் அறியேன். தெரிந்தவர்கள்கூட இதைத் தினசரி பயன்படுத்தாதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது கணக்கில் வந்த 20 நாளை, மூன்றாவது எண்ணான உண்மைத் தேதிகளோடு ஒப்பிடுங்கள். இரண்டில் ஒன்று தெரியும்.

பெரும்பாலான வேலைகள் 20 நாளை ஒட்டியே எடுத்திருந்தால், உள்ளே அளவுக்கு மீறி வேலை நிற்கிறது. சராசரி 20 வந்தும் தனித்தனியாகப் பார்க்கும்போது சில 4 நாளில் போய், சில 60 நாள் கிடந்திருந்தால், அளவோடு சேர்த்து வரிசையும் குலைந்திருக்கிறது. யார் சத்தம் போடுகிறாரோ அவருடைய வேலை முன்னால் போகிறது. அந்த இடங்களில் ‘அர்ஜென்ட்’ என்று ஒட்டிய அட்டைகளை எண்ணிப் பாருங்கள். பத்தில் நான்கில் அந்த அட்டை இருந்தால், அது எதையும் அடையாளம் காட்டுவதில்லை. நான் ஒரு சமயத்தில் ஒரே ஒரு அவசர வேலைக்கு மேல் அனுமதிப்பதில்லை. அது முடிந்த பிறகுதான் அடுத்த அட்டை.

ஒரு உலோகப் பட்டறையில் ஒரு ஜாப் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வேலையின் பின்னாலேயே நடந்தேன். காலை 9:10-க்குத் தகடு வெட்டும் மெஷினில் ஏறியது, 9:32-க்கு இறங்கியது. தள்ளுவண்டியில் அடுக்கி, துளை போடும் பகுதிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே அதற்கு முன்னால் ஏழு வண்டிகள் நின்றன. மறுநாள் மாலை வரை அந்தச் சக்கரம் அசையவில்லை. மூன்றாம் நாள் காலை ஒருவர் வந்து, மேலே இருந்த எங்கள் துண்டுகளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, அடியில் கலந்து கிடந்த வேறொரு ஆர்டரைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். தரையில் வைத்தது தரையிலேயே கிடந்தது. அதில் இரண்டு துண்டுகளை யாரோ மிதித்து வளைத்துவிட்டார்கள். அவற்றை மறுபடி வெட்டினோம். ஆறாம் நாள் பேக்கிங்குக்குப் போனது. அந்தப் பொருளின் மேல் கை பட்ட நேரத்தை எல்லாம் கூட்டிப் பார்த்தேன், இரண்டு மணி நேரம்கூட வரவில்லை. அந்த ஆறு நாளில் அங்கே யாரும் சும்மா நின்றதாக எனக்கு நினைவில்லை. எல்லோரும் வியர்வையோடு உழைத்தார்கள். அந்த ஆர்டர் மட்டும் காத்துக்கிடந்தது.

எல்லோரையும் நூறு சதவீதம் வேலையில் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் இந்தக் காத்திருப்பை வளர்க்கிறது. ஒரு மெஷினுக்கு வேலைகள் வரும் நேரமும், ஒவ்வொன்றும் எடுக்கிற நேரமும் முன்பின்னாக அமையும்போது, வரிசையில் காத்திருக்கும் நேரம் அதன் சுமையைப் பொறுத்து நேர்கோட்டில் ஏறுவதில்லை. எளிய ஒற்றை வரிசைக் கணக்கில், 80 சதவீதச் சுமையில் ஒரு வேலை தன் செய்நேரத்தைப் போல 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதத்தில் 9 மடங்கு. 95 சதவீதத்தில் 19 மடங்கு. கடைசி ஐந்து சதவீதத்தைப் பிழிந்தெடுக்கக் கொடுக்கிற விலை இது. அதே 1961-இல் ஜான் கிங்மேன் வெளியிட்ட தோராயச் சூத்திரம் இன்னொன்றையும் காட்டுகிறது: வரவிலும் செய்நேரத்திலும் ஏற்ற இறக்கம் குறைந்தால் இந்த மடங்குகள் எல்லாமே அதே விகிதத்தில் சுருங்கும். ஆகவே சுமையைக் குறைக்க வழியில்லாத இடத்தில், ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற வழி திறந்தே இருக்கிறது.

செய்ய வேண்டியது: உள்ளே இருக்கும் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு போடுங்கள். நாளைக்கு 12 வெளியேறி, 7 நாளில் கொடுக்க வேண்டுமானால் உள்ளே 84-க்கு மேல் இருக்கக் கூடாது. 240-இலிருந்து ஒரே நாளில் 84-க்கு வர முடியாது. புதிய வேலைகளை மேசையிலேயே நிறுத்தி வையுங்கள். மூன்று வெளியே போனால் இரண்டை உள்ளே விடுங்கள். ஆர்டர் வாங்குவதை நிறுத்தச் சொல்லவில்லை, பட்டறைக்குள் இறக்குவதை மட்டும்தான் தாமதிக்கச் சொல்கிறேன். வாடிக்கையாளருக்கு மொத்தக் காத்திருப்பு உடனே குறைந்துவிடாது. ஆனால் மேசையில் இருக்கிற ஆர்டரை மாற்றலாம், முன்பின்னாக்கலாம், ரத்துசெய்யலாம், தரையில் மிதிபடாது.

இரண்டாம் வாரம் சூப்பர்வைசர் உங்களிடம் வந்து, ஆட்கள் சும்மா நிற்கிறார்கள் என்பார். அந்த நேரத்தில் பயந்து மறுபடி வேலையை இறக்கிவிடுகிறவர்கள்தான் அதிகம். எங்கே சும்மா நிற்கிறார்கள் என்று கேளுங்கள். எந்த இடம் மற்ற எல்லாவற்றையும் விட மெதுவோ, அந்த இடத்தில் வேலை தீர்ந்து நின்றால் வரம்பு மிகக் குறைந்துவிட்டது, கொஞ்சம் உயர்த்துங்கள். வேறு இடத்தில் என்றால் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 2: ஒரே இடத்தில் குவிகிறது, அடுத்த இடத்தில் ஆள் காத்திருக்கிறார்

குவியல் இருக்கிற இடமெல்லாம் இறுக்கமான இடம் அல்ல. இதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் ஒவ்வொரு மெஷினுக்கு முன்னால் எத்தனை நிற்கிறது என்று சாக்பீஸால் சுவரில் எழுதி வையுங்கள். எல்லா நாளும் ஒரே இடத்தில் எண் பெரிதாக இருந்தால், அதற்கு அடுத்து வேலை போகிற இடங்கள் காய்ந்து கிடந்தால், அதுதான் கழுத்து: பாட்டிலின் கழுத்து போல மொத்த ஓட்டத்தையும் இறுக்குகிற இடம். திங்களன்று இங்கே, புதனன்று அங்கே என்று குவியல் நடமாடினால், நீங்கள் போடுகிற லாட் பெரிதாக இருக்கிறது. 500 துண்டுகளையும் முடித்துவிட்டு மொத்தமாக நகர்த்துகிறீர்கள். ஐம்பது ஐம்பதாக நகர்த்திப் பாருங்கள். குவியல் அசெம்பிளி முன்னால் மட்டும் இருந்தால் அங்கே வேலைத்திறன் குறைவு என்று முடிவுகட்டாதீர்கள். பன்னிரண்டு பாகங்களில் பதினொன்று வந்து, ஒன்று வராமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

கழுத்து எது என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் இடம் மணிக்கு 20, அடுத்தது 14, கடைசி 25 செய்கிறது. மொத்த லைனும் மணிக்கு 14 தான். கடைசி மெஷினை 35 ஆக்கினால் ஒன்றுகூட அதிகமாக வெளியே போகாது. முதல் மெஷினை 30 ஆக்கினால் நடுவில் மலை வளரும், அவ்வளவுதான். நிர்வாக எழுத்தாளர் எலியாகு கோல்ட்ராட் வாழ்நாள் முழுக்க இதைத்தான் சொன்னார்: கழுத்தில் இழந்த ஒரு மணி நேரம் மொத்தத் தொழிற்சாலையும் இழந்த ஒரு மணி நேரம், மற்ற இடத்தில் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்துக்கு மதிப்பில்லை. அவர் வகுத்த வரிசையும் முக்கியம். கழுத்தைக் கண்டுபிடி, இருப்பதை முழுதாகப் பயன்படுத்து, மற்றதையெல்லாம் அதன் வேகத்துக்குக் கட்டுப்படுத்து, பிறகுதான் காசு போட்டுப் பெரிதாக்கு, அதன்பின் மறுபடி முதலிலிருந்து தேடு. பெரும்பாலானவர்கள் இரண்டையும் மூன்றையும் தாண்டி நேராக நான்காவதுக்குப் போய் மெஷின் வாங்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது படியில் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பார்க்க, கழுத்து மெஷினுக்கு அருகில் ஒரு முழு ஷிஃப்ட் நில்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் நிற்கிறதா? அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் மாற்று ஆள் போடுங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன துண்டை அது மெனக்கெட்டுச் செய்துகொண்டிருக்கிறதா? இன்ஸ்பெக்ஷனை அதற்கு முன்னால் கொண்டுவாருங்கள். யாரும் கேட்காத பொருளை, மெஷின் ஓடட்டும் என்று ஓட்டுகிறார்களா? நிறுத்துங்கள். அதில் செய்கிற வேலையில் ஒரு பங்கை, மெதுவான பழைய மெஷின் ஒன்றில் செய்ய முடியுமா? அங்கே ஒரு துண்டுக்குச் செலவு கூடினாலும் பரவாயில்லை.

அப்புறம் செட்டிங். ஒரு பொருளிலிருந்து அடுத்ததுக்கு மாறும்போது மெஷின் நிற்கிற நேரம். ஒரு மாற்றத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வீடியோ எடுத்து, செய்கிறவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்பேனர் தேடுவது, அச்சைக் கிடங்கிலிருந்து கொண்டுவருவது, போல்ட்டைப் பதினைந்து சுற்று கழற்றுவது, முதல் துண்டை அளக்கக் கருவிக்குக் காத்திருப்பது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்திருக்கக்கூடியவை எவை, நின்றால்தான் செய்ய முடிகிறவை எவை என்று இரண்டு பட்டியலாகப் பிரியுங்கள். ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோவின் முறை இதுதான். 1969-இல் டொயோட்டாவில் ஒரு 1000 டன் பிரஸ்ஸின் மாற்றம் நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. முதலில் அது ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது, பிறகு மூன்று நிமிடமானது என்று அவரே பதிவுசெய்திருக்கிறார். உங்களுக்கு மூன்று நிமிடம் தேவையில்லை. பாதியாகக் குறைந்தாலே, அதே நேரத்தில் இரண்டு மடங்கு மாற்றங்கள் செய்யலாம். லாட்டின் அளவைப் பாதியாக்கலாம். குவியலும் அதனோடு சேர்ந்து இறங்கும்.

கழுத்தைச் சரிசெய்ததும் அது வேறு இடத்துக்கு நகரும். சில சமயம் ஆலையை விட்டே வெளியேறி, ஆர்டர் போதவில்லை என்கிற நிலைக்குப் போகும். அப்போது பழைய இடத்திலேயே இன்னும் பணம் கொட்டாமல், சாக்பீஸை மறுபடி எடுங்கள்.

அறிகுறி 3: கிடங்கில் இடமில்லை, ஆனால் கேட்ட பொருள் இல்லை

எடுத்த எடுப்பில் ஃபார்முலாவுக்குப் போகாதீர்கள். பதிவேட்டில் இருந்து 15 பொருள்களைத் தேர்ந்தெடுத்து ஷெல்ஃபில் போய் எண்ணுங்கள். பிறகு ஷெல்ஃபில் கண்ணில் பட்ட 15 பொருள்களை எண்ணி, பதிவேட்டில் தேடுங்கள். இரண்டு திசையிலும் செய்ய வேண்டும். ஒரு திசையில் மட்டும் பார்த்தால், பதிவேட்டில் ஏறாமலே கிடக்கிற பொருள் தெரியாது. முப்பதில் ஐந்தாறு தவறாக வந்தால் மற்ற எந்தத் திருத்தமும் இப்போது வேண்டாம். தவறான எண்ணின் மேல் எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் தவறான ஆர்டர்தான் வரும். வருடத்துக்கு ஒரு முறை ஆலையை மூடி மொத்தமாக எண்ணுவதை விட, தினமும் சில பொருள்களை எண்ணுவது நல்லது. பணம் அதிகம் முடங்குகிற சில பொருள்களை மாதம் ஒரு முறை, மற்றதை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தவறு கண்டால் எண்ணைத் திருத்துவதோடு விடாமல், எந்தக் காகிதம் எழுதப்படாமல் போனது என்று அன்றே தேடுங்கள். ஒரு நாள் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

எண் சரியாக இருந்தும் இந்த அறிகுறி இருந்தால், ஒரு தடவைக்கு வாங்குகிற அளவைப் பாருங்கள். 1913-இலேயே ஃபோர்டு ஹாரிஸ் இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்துவிட்டார். ஆண்டுத் தேவையையும் ஒரு ஆர்டர் போட ஆகும் செலவையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, ஒரு பொருளை ஓராண்டு வைத்திருக்க ஆகும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 1200 தேவை, ஆர்டர் செலவு 100, வைத்திருக்கும் செலவு 6 என்றால் 40,000-இன் வர்க்கமூலம், அதாவது 200. நீங்கள் 100 வாங்கினாலும் 400 வாங்கினாலும் இந்த இரண்டு செலவுகளின் கூட்டுத்தொகை 25 சதவீதம்தான் கூடும். ஆகவே எண்ணைத் துல்லியமாகப் பிடிக்க நேரம் செலவிட வேண்டாம். ஆனால் மொத்தமாக எடுத்தால் தள்ளுபடி என்று 1200-ஐ ஒரே தடவையில் வாங்கியிருந்தால், அந்தத் தள்ளுபடி உண்மையில் மிச்சம்தானா என்று கட்டாயம் கணக்குப் பாருங்கள்.

அடுத்தது, எப்போது ஆர்டர் போடுகிறீர்கள் என்பது. தினசரித் தேவை சராசரியாக 40, அதன் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் அளவு) 10, சரக்கு வந்துசேர 9 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 9 நாளுக்கு 360 தேவை. அதற்கு மேல் பாதுகாப்புக்காக 10-ஐ 9-இன் வர்க்கமூலமான 3-ஆல் பெருக்கி, 1.65-ஆலும் பெருக்கினால் சுமார் 50. ஆக 410-ஐத் தொட்டதும் ஆர்டர். ஒவ்வொரு நூறு சுற்றிலும் சுமார் 95 சுற்றுகளில் சரக்கு தீராது. இதே கணக்கில் சப்ளையர் 4 நாளில் கொடுத்தால் பாதுகாப்பு இருப்பு 33 போதும். அவர் 9 நாள் என்று சொல்லி ஒரு முறை 5, ஒரு முறை 16 என்று கொடுத்தால், அந்தத் தடுமாற்றத்துக்காகத் தனியாக, பெரும்பாலும் இதை விட அதிகமாக, வைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் விலையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் சொன்ன நாளில் கொடுக்கிற சப்ளையரை நான் விடுவதில்லை.

அறிகுறி 4: கடைசி சோதனையில் ரிஜெக்ஷன் கொட்டுகிறது, ஒவ்வொரு பிரிவும் ‘எங்கள் பக்கம் சரி’ என்கிறது

ஒவ்வொரு பிரிவும் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 97 சதவீதம் முதல் தடவையிலேயே சரியாக வருகிறது. 97 நல்ல மதிப்பெண் போலத்தான் தெரியும். எட்டையும் பெருக்கினால் 78 சதவீதம். நூறில் இருபத்திரண்டு எங்கோ ஒரு இடத்தில் திருத்தப்படுகிறது அல்லது தூக்கி எறியப்படுகிறது. ஒவ்வொரு பிரிவும் தானே ஓசையில்லாமல் திருத்திக்கொண்டு ‘97’ என்று எழுதினால் உண்மை எண் இன்னும் கீழே. ஆகவே திருத்திய பிறகு எத்தனை என்று கேட்காதீர்கள்; கை வைக்காமல் முதல் தடவையே போனது எத்தனை என்று கேளுங்கள்.

இந்த அறிகுறியில் சோதனைக்கு இன்னும் ஆள் போடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. தவறு நடந்த இடத்துக்கும் பிடிபடுகிற இடத்துக்கும் நடுவில் எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். முதல் அறிகுறியில் சொன்ன 20 நாள் இங்கே திரும்பி வருகிறது. இன்று பிடிபட்ட தவறு 20 நாளுக்கு முன் செய்தது. அதே தவறோடு 240 வேலைகள் உள்ளே வந்துகொண்டிருக்கலாம். காரணம் தேடப் போனால், அன்றைக்கு எந்த ஆள், எந்தத் தகடு, எந்த அச்சு என்று எதுவும் தெரியாது. உள்ளே நிற்பதைக் குறைப்பது தரத்துக்கும் மருந்து என்று நான் சொல்வது இதனால்தான். நூல் அறுந்ததும் தானே நின்றுவிடும் தறியைச் சகிச்சி டொயோடா உருவாக்கினார். அந்த யோசனைதான் பிறகு கார் தொழிற்சாலையில், கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்ற உரிமையாக வளர்ந்தது. உங்கள் இடத்தில் கயிறு தேவையில்லை. நிறுத்தியவரை யாரும் திட்ட மாட்டார்கள் என்ற உறுதி இருந்தால் போதும், அதைக் கொடுப்பதுதான் கடினம்.

இன்னொரு வகை உண்டு. ரிஜெக்ஷன் ஏறி இறங்குகிறது, ஆபரேட்டர் நாள் முழுக்க மெஷினைத் திருத்திக்கொண்டே இருக்கிறார். அருகில் நின்று பாருங்கள். ஒரு துண்டை எடுத்து அளக்கிறார்; இரண்டு புள்ளி கூடுதல். திருகை இரண்டு புள்ளி குறைக்கிறார். அடுத்த துண்டு மூன்று புள்ளி குறைவு. மூன்று புள்ளி கூட்டுகிறார். அக்கறையோடுதான் செய்கிறார். ஆனால் மெஷினின் இயல்பான சிறு ஏற்ற இறக்கத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார். மெஷின் நிலையாக இருக்கும்போது ஒவ்வொரு துண்டுக்கும் இப்படி எதிர்த்திசையில் திருத்தினால், விலக்கத்தின் வர்க்கச் சராசரி இரண்டு மடங்காகும். எட்வர்ட்ஸ் டெமிங் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்து இதைச் செய்து காட்டினார். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எப்போது திருத்த வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் 1924-இல் வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். அளவுகளைக் கால வரிசையில் புள்ளியாக வைத்து, சராசரிக்கு ஒரு கோடு, மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தூரத்தில் இரண்டு கோடுகள். வெளியே விழுந்த புள்ளிக்குக் காரணம் தேடுங்கள். எல்லாம் உள்ளேயே இருந்தும் ரிஜெக்ஷன் அதிகம் என்றால் ஆபரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். மெஷினோ, மூலப்பொருளோ, பொருளின் டிராயிங்கில் கேட்டிருக்கிற அளவோ மாற வேண்டும். அது நிர்வாகத்தின் வேலை.

அறிகுறி 5: ஒரு மாதம் ஆர்டர் வெள்ளம், அடுத்த மாதம் வறட்சி

உங்களிடம் வாங்குகிறவர் வாங்குவதைப் பார்க்காமல், அவர் கடைசி வாடிக்கையாளருக்கு விற்பதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். விற்பனை ஏறக்குறையத் தட்டையாக இருந்து, உங்களுக்கு வரும் ஆர்டர் மட்டும் அலையடித்தால் சந்தையில் கோளாறு இல்லை. பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளின் டயப்பர் ஆர்டர்களில் இதைக் கவனித்தது. குழந்தைகள் பயன்படுத்துவது ஏறி இறங்குவதில்லை. கடைகளின் விற்பனையில் சிறிய அலை. விநியோகஸ்தர்கள் கொடுத்த ஆர்டரில் பெரிய அலை. சங்கிலியில் பின்னுக்குப் போகப் போக அலை பெரிதாகும் இந்தப் போக்கை 1961-இலேயே ஜே ஃபாரெஸ்டர் விளக்கியிருந்தார்.

காரணங்கள் தெரிந்தவையே: ஒவ்வொருவரும் தனித்தனியாக ஊகிப்பது, மாதக் கடைசியில் மொத்தமாக ஆர்டர் போடுவது, தள்ளுபடிக் காலத்தில் வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாடு என்று கேள்விப்பட்டதும் தேவைக்கு இரண்டு மடங்கு கேட்பது. உங்கள் விற்பனைப் பிரிவே மாத இலக்குக்காகக் கடைசி வாரத்தில் தள்ளுபடி கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் அலையை நாமே கிளப்பிவிட்டு, அதற்காக ஓவர்டைமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அறிகுறி 6: மெஷின் எப்போதும் ஓடுவது போலத்தான் இருக்கிறது, கணக்கில் உற்பத்தி வரவில்லை

480 நிமிட ஷிஃப்ட்டில் 60 நிமிடம் பிரேக்டவுனிலும் செட்டிங்கிலும் போனது, ஓடியது 420. நிமிடத்துக்கு ஒன்று செய்ய வேண்டிய மெஷின் 420-க்குப் பதில் 357 செய்தது. அதில் 340 நல்லது. ஓடிய நேரம் 87.5 சதவீதம், வேகம் 85, தரம் சுமார் 95. மூன்றையும் பெருக்கினால் 71-க்கும் சற்றுக் கீழே. செயிச்சி நகாஜிமா பரப்பிய இந்தக் கணக்கின் பலன், எந்தக் கதவு வழியாகப் போகிறது என்று தெரிவதுதான். இங்கே நடுக் கதவு: யாரும் எழுதாத அரை நிமிட நிற்றல்கள், துண்டு சிக்கிக்கொள்வது, சென்சாரைத் துடைப்பது. ஒரு மணி நேரம் கோடு போட்டு எண்ணினாலே பிடிபடும். ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணைக் கழுத்து மெஷினில் மட்டும் உயர்த்தப் பாருங்கள். மற்ற மெஷின்களில் இதை இலக்காக வைத்தால் எல்லோரும் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், முதல் அறிகுறி திரும்பி வந்துவிடும்.

அறிகுறி 7: சரிசெய்த எல்லாம் இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது

ஊக்கத்தொகை எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். உள்ளே வேலை குறைய வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவருக்கும் அவர் தனியாகச் செய்த துண்டுக் கணக்கில் பணம் கொடுத்தால், அவர் தன் குடும்பத்துக்காகக் குவிக்கத்தான் செய்வார். அவர் மேல் தப்பில்லை.

அது சரியாக இருந்தும் பழையபடி ஆகிறதென்றால், வரம்பு ரிப்போர்ட்டில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் மேலே சொன்ன பட்டறையில் துளை போடும் பகுதிக்கு முன்னால் மஞ்சள் பெயின்ட்டில் மூன்று கட்டங்கள் வரைந்தோம். ஒரு கட்டத்துக்கு ஒரு வண்டி. மூன்றும் நிரம்பியிருந்தால் வெட்டும் மெஷின்காரர் அடுத்த தகட்டை ஏற்றாமல், துளை போடுகிறவருக்கு உதவப் போக வேண்டும். முதல் வாரம் நான்காவது வண்டி கோட்டுக்கு வெளியே வந்து நின்றது. சூப்பர்வைசர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை; அந்த வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போய் வெட்டும் மெஷின் பக்கத்திலேயே விட்டுவிட்டு, அங்கிருந்தவரை அழைத்துக்கொண்டு வந்தார். மூன்று வாரம் தினமும் இதைச் செய்தார். அதற்குப் பிறகு, கட்டம் நிரம்பியதைப் பார்த்ததும் வெட்டும் மெஷின்காரர் தானாகவே கையுறையைக் கழற்றிவிட்டு இந்தப் பக்கம் நடந்து வருவதைப் பார்த்தேன்.